கற்றது: இல்லை

ஏனுங்க, அந்த ஜன்னலோரம் வேண்டாமுங்க. நீங்க இக்கட்ட வந்துருங்க, நான் அக்கட்ட உக்காந்துக்கறேன். மழ வந்தா அந்த மூணாவது ஜன்னல் ஒழுகும். இவனுக்கெப்படித் தெரியும்னு பார்க்கறீங்களா? இந்த வண்டிக்குப் பாடி கட்டுனதே எங்க கம்பெனிதானுங்க. கரூர்ல. போன ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாள் வெளிய அனுப்புனோம். சீட்டுக்கு அடியில இருக்கற நட்டு மொதக்கொண்டு எனக்குத் தெரியும்.

சரி, உங்க இஷ்டம். காத்து வருதுன்னு உக்காந்திருக்கறீங்க. வெள்ளக்கோயில் பக்கம் வானம் எப்படிக் கறுத்துக் கெடக்குது பாருங்க. அப்புறம் சட்டை நனைஞ்சுபோச்சுன்னு என்ற மேல கோவிச்சுக்கக் கூடாது.

தப்பா நெனைக்காதீங்க, உங்க மடியில இருக்கற தாளைப் பார்த்துட்டேன். முன்னாள் ராணுவத்தாருக்கு வேலையோட பயிற்சி குடுக்க அனுமதி கேட்கற தாளுதானே? அதை எங்க கண்டாலும் எனக்கு அடையாளம் தெரியுமுங்க. இன்னைக்குக் கோயமுத்தூர்ல கம்பெனிக்காரங்களுக்குக் கூட்டம் போட்டிருக்கறாங்களே, அதுக்குப் போறீங்களா? என்ன கம்பெனி? மோட்டாருக்குக் காயில் கட்டறதா? நல்லதுங்க. நானும் அதே ஆபீசுக்குத்தான் போறேன். கூட்டத்துக்கில்ல. எனக்கு வேற சோலி.

முன்னாடி பார்க்காதீங்க. பார்க்காதீங்கன்னா பார்க்கறீங்களே! டிரைவருக்குப் பின்னாடி ரெண்டாவது சீட்டு. முடியை ஒட்ட வெட்டிக்கிட்டு, முதுகு சீட்டுல படாம நெட்டுக்குத்தா உக்காந்திருக்கறாரு பாருங்க, அவருதான் ஏகாம்பரம். ஹவில்தார் ஏகாம்பரம். குடியாத்தம் பக்கத்து ஆளு. இருபத்திரண்டு வருசம் பட்டாளத்துல வண்டி ரிப்பேர் பார்த்தவரு. சம்சாரம் கரூர்ல நர்ஸு, அதனால இங்க வந்து சேர்ந்தாரு. அவரால வந்த வினைதான் இந்தப் பையில இருக்குது. மெதுவாப் பேசுங்க. அவருக்குப் பாம்புக் காது.

ரெண்டு பேரும் ஒரே ஆபீசுக்கு, ஒரே நேரத்துக்கு, ஒரே வண்டியில போறோம். பேச்சு வார்த்தை இல்ல. ஸ்டாண்டுல பார்த்தேன். இதுக்கு முன்னாடி ஒரு வண்டி காலியாத்தான் நின்னுச்சு. அதுல ஏறல. கால் மணி நேரம் காத்திருந்து, இது வந்தப்புறம் ஏறுனாரு. எதுக்குன்னு கேட்டா பட்டாளத்துக்காரன் புத்தின்னுதான் சொல்லணும். ஏறுனதும் பக்கத்து சீட்டுல கைக்குட்டையப் போட்டாரு. பாருங்க, இன்னும் அப்படியேதான் கெடக்குது. கண்டக்டர் கேட்டதுக்கு “ஆள் வருது”ன்னு சொல்லிட்டாரு. ரெண்டு சீட்டு கேக்குது அவருக்கு! யாருக்கு இடம் போட்டு வெச்சிருக்கறாரோ, வெள்ளக்கோயில்ல ஏறுவாங்களாட்டம் இருக்குது.

சரி, விசயத்துக்கு வர்றேன். நீங்க புதுசா இறங்கறீங்க, அதனால சொல்றேன். அனுமதி வாங்கறது ஒண்ணும் பெரிய மலை இல்லைங்க. என்ன வேலை சொல்லித்தரப் போறீங்க, எத்தனை மாசம், எந்த மாசத்துல எது, இதெல்லாம் எழுதிக் குடுக்கணும். வேலை தெரிஞ்ச ஆளு ஒருத்தன் பேரைப் பயிற்சியாளர்னு போடணும். அவங்க வந்து பட்டறையப் பார்ப்பாங்க. அப்புறம் ஆளை அனுப்புவாங்க. அந்த ஆளு தெனமும் டைரி எழுதணும், பயிற்சியாளர் தெனமும் கையெழுத்துப் போடணும். கடைசியில எல்லாம் சரியா இருந்தா அந்த ஆளுக்குச் சர்டிபிகேட், அதை வெச்சு நம்ம கம்பெனியிலயே வேலை. அவ்வளவுதான். சுளுவு.

ஆனா ஒண்ணு. அந்தப் பயிற்சியாளர் கட்டத்துல ஒருத்தன் பேரை எழுதறதுக்கு முன்னாடி, அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுருங்க. எங்க மொதலாளி கேட்கல. தெய்வசிகாமணி, ஃபோர்மேன், அனுபவம் இருபத்தாறு வருசம்னு எழுதி அனுப்பிட்டாரு. எனக்கு எப்பத் தெரியும்? அனுமதி வந்து, சுவத்துல ஃபிரேம் போட்டு மாட்டுனதுக்கு அப்புறம்.

சித்திரையில வந்து சேர்ந்தாரு. மொத நாளே என்ற முன்னாடி வந்து, காலைச் சேர்த்து வெச்சு நின்னு, “ராம் ராம் உஸ்தாத்”ன்னாரு. பட்டறையே திரும்பிப் பார்த்துச்சு. பட்டாளத்துல சொல்லித்தர்றவரை உஸ்தாத்னுதான் கூப்பிடணுமாம். சொல்லித்தர்றவரு வயசுல சின்னவரா இருந்தாலும் சரி, பெரியவரா இருந்தாலும் சரி, உஸ்தாத்துதானாம். அன்னையிலருந்து வெல்டருங்க, பெயின்டருங்க, டீக்கடைக்காரரு வரைக்கும் என்னை உஸ்தாத், உஸ்தாத்துன்னு ஓட்ட ஆரம்பிச்சுட்டாங்க. வெளிய திட்டுவனுங்க. உள்ளுக்குள்ள… சொல்றதுக்கென்ன, நல்லாத்தான் இருந்துச்சு. இருபத்தாறு வருசமா ‘ஏப்பா சிகாமணி’ன்னுதான் கேட்டிருக்கறேன்.

அந்த டைரியும் அப்படித்தானுங்க. சாயங்காலம் அஞ்சரைக்கு முகத்தைக் கழுவிட்டு, டைரிய விரிச்சு, பேனாவைத் திறந்து என்ற கையில குடுப்பாரு. நானும் வாங்கி, கண்ணாடிய மாட்டி, போடுவேன். நல்ல கையெழுத்து எனக்கு. தெய்வசிகாமணின்னு முழுசா எழுதி, அடியில ரெண்டு கோடு. நம்ம கையெழுத்தையும் ஒரு சர்க்கார் தாளு கேட்குதேன்னு ஒரு இது. வண்டி போற போக்குல சொல்றேனே, அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு ஒரு நாளும் படிச்சுப் பார்க்கல. தமிழ்லதான் எழுதியிருந்தாரு. முத்து முத்தா எழுதியிருந்தாரு. படிக்கல.

இருங்க, கண்டக்டர் வர்றாரு. ஏப்பா, காங்கயத்துக்கு எத்தனை மணிக்குப் போவ? பதினொண்ணுக்கா? சரி, சரி.

எங்க விட்டேன்? ஆங், சொல்லித்தர்றது. நீங்களே சொல்லுங்க, அவருக்கு நான் என்னத்தைச் சொல்லித்தர? பனி மலையில, மூச்சு முட்டற எடத்துல லாரி இஞ்சினைப் பிரிச்சுக் கட்டுன மனுசன். அவருக்குப் போயி ஸ்பேனரை இப்படிப் புடிங்கன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? அதனால கூச்சப்பட்டு விட்டுட்டேன். அதுவுமில்லாம நேரம் எங்க இருந்துச்சு? ஆடிக்குள்ள ஒம்பது வண்டி அனுப்பணும். அதுவுமில்லாம எனக்கு யாரு சொல்லிக்குடுத்தாங்க? என்ற மேஸ்திரி நாலு வருசம் லைட்டுப் புடிக்க விட்டாரு. லைட்டை அவரு கைமேல அடிச்சா ஏசுவாரு. வேலை நடக்கற எடத்துல படாம, பக்கத்துல படணுமாம். கத்துக்கறதுன்னா அப்படித்தானுங்க.

அதனால அவரைச் சவர் டெஸ்ட்டுல போட்டேன். சவர் டெஸ்ட்டுன்னா, பாடி கட்டி முடிச்சதும் வண்டிய ஒரு கொட்டகைக்குள்ள நிறுத்தி, நாலா பக்கமும் பைப்பு வெச்சு மழயாட்டம் தண்ணி அடிப்போம். ஒருத்தன் வண்டிக்குள்ள உக்காந்து எங்க ஒழுகுதுன்னு பார்த்து, சாக்பீஸ்ல வட்டம் போடணும். எவனும் போக மாட்டான். வெக்கையா இருக்கும், தகரத்து மேல தண்ணி உழுகற சத்தத்துல காது அடைச்சுப்போகும். ஏகாம்பரம் போய் உக்காருவாரு. சொன்னா அரை நாள்கூட உக்காருவாரு. இறங்குன்னு சொன்னாத்தான் இறங்குவாரு. ஒருக்கா நான் மறந்துபோயி சாப்பிடப் போயிட்டேன். திரும்பி வந்தப்பவும் உள்ளேயேதான் இருந்தாரு. தண்ணிய நிறுத்தியே ஒரு மணி நேரமாயிருக்குது.

ஒருக்கா கேட்டாரு. ஒரே ஒருக்காதான். “உஸ்தாத், ஒழுகறத நான் கண்டுபுடிச்சிடறேன். அடைக்கறத நீங்க எனக்குச் சொல்லித் தரணும். நான் கேட்டுல வாட்ச்மேனா நிக்கற வேலைக்குப் போகாத இங்க வந்துகிறேன். இந்தத் திட்டத்துல ஒரு ஆளுக்கு ஒரு வாட்டிதான் சான்ஸ். இது போச்சுன்னா எனக்கு வேற வழி கெடையாது.” அழுகலைங்க, கெஞ்சலைங்க. ரிப்போர்ட் குடுக்கற மாதிரி சொன்னாரு. பார்க்கலாம் பார்க்கலாம்னேன்.

வெள்ளக்கோயில் வந்துருச்சுங்க. யாரு ஏறறாங்கன்னு பாருங்க. ஒரு அம்மா, ரெண்டு காலேஜ் புள்ளைங்க. ஊகூம். அவரு பக்கத்துல யாரும் உக்காரல. கைக்குட்டைய எடுத்துத் தட்டி, மறுபடியும் விரிச்சுப் போடறாரு பாருங்க! இதென்னங்க அழிச்சாட்டியம்!

நீங்க என்ன கேட்டீங்க? ஆமாங்க, ஜன்னல் அடைக்கறதுதான் என்ற வேலை. பட்டறையில யாரு வேணாலும் சீலன்ட்டுப் பசை அடிக்கற துப்பாக்கியத் தூக்கிட்டு அடைக்கலாம். ஆனா நான் அடைச்சா ஒழுகாது. பதினைஞ்சு வருசமா ஒழுகுனதில்ல. அதுல ஒரு சூட்சுமம் இருக்குது. மத்தவன் என்ன பண்ணுவான், ஒரு ஓட்டை விடாம சுத்தியும் அடைப்பான். நான் வெளிப்பக்கம் கீழ் மூலையில ஒரு நெல்லு அளவு விட்டுருவேன். எவ்வளவு அடைச்சாலும் தண்ணி கொஞ்சம் உள்ள போகத்தான் செய்யும். போனது வெளிய வர வழி வேணுமில்லைங்களா? வழி இல்லாட்டி அது உள்பக்கமா வரும். அவ்வளவுதான் சூட்சுமம். கேட்டுட்டா ஒண்ணுமில்ல. கேட்காதவனுக்கு அது ஏழு மல, ஏழு கடல்.

அதை நான் யாருக்கும் சொன்னதில்ல. இப்ப உங்ககிட்டச் சொல்லிப்போட்டேன் பாருங்க. நீங்க காயில் கட்டறவரு, போகட்டும். அந்த மூலைக்கு வர்றப்ப நான் முதுகைத் திருப்பிக்குவேன். பழக்கமாயிருச்சு. சம்சாரம்கூட ஒருக்கா சொன்னா, நீங்க சாப்பிடறப்பக்கூட முதுகைத் திருப்பிக்கறீங்கன்னு.

ஏன் சொல்லித்தரலைன்னு நீங்க கேட்காட்டியும் உங்க முகம் கேட்குது. சொல்லிடறேன். அவரு வந்த மொத வாரம் மொதலாளி என்ற தோள்ல கைய வெச்சு, “சிகாமணி, உன்ற எடத்துக்கு ஒரு ஆளைத் தயார் பண்ணி வெச்சுட்டீன்னா எனக்குக் கவலை இல்ல”ன்னாரு. எப்படி இருக்கும்? உங்களுக்கு எப்படி இருக்கும்? அதுவும் எனக்கு… இந்தக் கட்டைவிரலைப் பாருங்க. வலது. நல்லாத்தான இருக்குது? கிள்ளிப் பாருங்க. கிள்ளுங்க, பரவால்ல. ஒண்ணும் தெரியலைங்க. பங்குனியிலருந்தே இப்படித்தான். நரம்பாம். சீலன்ட்டை அடிச்சு, சோப்புத் தண்ணியில கட்டைவிரலை நனைச்சு ஒரே இழுப்பா இழுக்கணும். விரல்தான் பார்க்கும், கண்ணு பார்க்காது. அந்த விரலு செத்துப்போச்சு. யாருக்கும் சொல்லல. சம்சாரத்துக்கும் தெரியாது.

இப்ப நான் எதுக்கு இதையெல்லாம் உங்ககிட்ட… சரி, விடுங்க. எறங்குனா நீங்க யாரோ, நான் யாரோ.

போன வாரம் அந்த ஆபீஸ்ல இருந்து ஒரு அம்மா பார்வையிட வந்தாங்க. அதிகாரிதான், ஆனா அலட்டல் இல்லாத அம்மா. பட்டறையச் சுத்திப் பார்த்தாங்க, ஃபிரேமைப் பார்த்தாங்க, மோர் குடிச்சாங்க. மொதலாளிக்கு வாயெல்லாம் பல்லு. அப்புறம் டைரியக் கேட்டாங்க. பொரட்டிக்கிட்டே “இந்தக் கையெழுத்தெல்லாம் உங்களுதா?”ன்னாங்க. நானு நெஞ்சை நிமித்தி, “ஆமாங்கம்மா. ஒரு நாள் விடாம, நூத்தி எழுபது நாளும் நான் போட்டதுங்க”ன்னேன். படிச்சுட்டுத்தான போட்டீங்கன்னு கேட்டாங்க. பின்னே படிக்காமலான்னேன்.

அப்புறம் வாய்விட்டுப் படிச்சாங்க. பட்டறை முழுக்க நிக்குது, வெல்டிங்கை நிறுத்திட்டு.

“ஏப்ரல் பதினெட்டு. ஒன்பது மணி முதல் ஒரு மணி வரை வண்டிக்குள் உட்கார்ந்தேன். ஒழுகும் இடங்கள் நான்கு. குறித்துக் கொடுத்தேன். கற்றது: இல்லை.”

“ஏப்ரல் பத்தொன்பது. இரும்புக் குழாய்களை அளவுவாரியாக அடுக்கினேன். கற்றது: இல்லை.”

“ஏப்ரல் இருபது. உஸ்தாதுக்குப் பல்வலி. கிராம்பு வாங்கி வந்தேன். வலி குறைந்தது. கற்றது: இல்லை.”

கிராம்புன்னதும் எவனோ சிரிச்சான் பாருங்க, அப்புறம் எல்லாவனும் சிரிச்சுட்டான். ஒவ்வொரு நாளுக்கும் அடியில கற்றது இல்லை, கற்றது இல்லை, கற்றது இல்லை. ஒவ்வொண்ணுக்கும் கீழ என்ற கையெழுத்து, ரெண்டு கோட்டோட. நான் திரும்பி ஏகாம்பரத்தைப் பார்க்கறேன். மனுசன் நேரா நிக்கறாரு. ஏய்யா இப்படி எழுதுனேன்னு அப்புறம் கேட்டதுக்கு என்ன சொன்னாரு தெரியுமா? “டைரியில நடந்ததத்தான உஸ்தாத் எழுதணும்? நீங்களும் தெனம் படிச்சுட்டுத்தான கையெழுத்துப் போட்டீங்க. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்.” கேலி இல்லைங்க. நெசமாவே அப்படித்தான் நெனச்சிருக்கறாரு. நான் தெனமும் ‘கற்றது இல்லை’ன்னு படிச்சு, சரின்னு ஒத்துக்கிட்டு, கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போறேன்னு ஏழு மாசம் நெனச்சிருக்கறாரு! அப்படி நெனச்சுக்கிட்டே மறுநாள் காலையில வந்து ராம் ராம் சொல்லியிருக்கறாரு. எனக்கு அதுதான் தாங்கல. என்னை வைஞ்சு தொலைச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்.

அந்தம்மா பத்துப் பன்னண்டு பக்கத்தோட மூடிட்டாங்க. டைரியோட கடைசி அட்டைக்கு முன்னாடி ஒரு பக்கம் இருக்குது. எட்டு வேலை வரிசையா அச்சடிச்சிருக்கும். ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல ‘இந்த வேலையைத் தனியாகச் செய்வார்’னு போட்டு, பயிற்சியாளர் கையெழுத்துக்கு ஒரு கட்டம். எட்டும் காலி. இன்னைக்குப் பன்னண்டரைக்கு ரெண்டு பேரும் டைரியோட நேர்ல வரணும்னுட்டாங்க. அந்த எட்டு கட்டமும் காலியாவே இருந்தா, கம்பெனிக்கு அனுமதி ரத்து, அவருக்கு ஏழு மாசமும் ரத்து.

மொதலாளி நேத்து என்னைக் கூப்பிட்டு என்ன சொன்னாருன்னா, “அந்த ஆளு கோவத்துல பொய்யா எழுதுனான், நான் வேலைப் பளுவுல பார்க்காமப் போட்டுட்டேன்னு சொல்லிப்புடு. அனுமதி தப்பிச்சுரும்”னாரு. நானும் ராத்திரியெல்லாம் அதைத்தான் சொல்லிப் பழகுனேன். பொய்யா எழுதுனாருங்கம்மா. பொய்யா எழுதுனாருங்கம்மா. சொல்றதுக்கு என்ன, ரெண்டு வார்த்தை. ஸ்டாண்டுல அவரு என்னைப் பார்த்ததும் எந்திரிச்சு நின்னாருங்க. நான் அந்தப் பக்கம் பார்த்துக்கிட்டுப் பின்னாடி படியில ஏறிட்டேன்.

இல்லாட்டி இன்னொண்ணு பண்ணலாம். இந்த ஜன்னலைத் திறந்து, டைரியத் தூக்கி வெளிய போட்டுட்டா? தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லிடலாம். யாரு பார்க்கப் போறாங்க? நீங்க சொல்லுவீங்களா? சொல்ல மாட்டீங்க. ஆனா அப்படிப் பார்க்காதீங்க, சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

காங்கயம். இங்கயும் அவரு ஆளு யாரும் ஏறல. அப்புறம் யாருக்குத்தான் அந்த எடம்?

உழுந்துருச்சுங்க மழ! நான் சொன்னனா இல்லையா? ஐப்பசி மழ, சடசடன்னு புடிச்சுக்கிச்சு. கண்ணாடிய இழுங்க, இழுங்க. பையக் காலுக்கடியில வெச்சுக்குங்க. இப்ப பாருங்க வேடிக்கைய, அந்த மூலையிலருந்து வரும், கோடு கட்டிக்கிட்டு உங்க முட்டி மேலதான் சொட்டும். எப்படித் தெரியும்னா… இன்னும் என்ன மறைக்கறது, அந்த ஜன்னலை அடைச்சது நான்தான். பதினைஞ்சு வருசத்துல மொத ஒழுகல். சவர் டெஸ்ட்டுல ஏகாம்பரம் வட்டம் போட்டுட்டு இறங்கி வந்து சொன்னாரு, இடது பக்கம் மூணு, உஸ்தாத்துன்னு. மூலையில நெல்லளவு விட்டேன்னுதான் நெனச்சேன், விரல் சொல்லலையே, அடைஞ்சுபோயிருந்திருக்குது. மறுநாள் டெலிவரி. பிரிச்சு அடைச்சா எல்லாவனும் பார்ப்பான், சிகாமணி அடைச்சது ஒழுகுதாம்னு. அதனால, “கோயமுத்தூர் வண்டிதான, மழ பேஞ்சாப் பார்த்துக்கலாம் போ”ன்னு அனுப்பிட்டேன்.

ஏனுங்க, ஒழுகலையா?

நல்லாப் பாருங்க. மூலையத் தொட்டுப் பாருங்க. ஈரமே இல்லையா? முன்னாடி சீட்டுக்காரங்க ஜன்னல்ல ஒழுகுதே, அந்தம்மா துண்டு வெச்சு அடைக்கறாங்க பாருங்க. இது மட்டும் எப்படி?

அவரு திரும்பறாரு. உக்காருங்க, அசையாதீங்க. ஏகாம்பரம் திரும்பறாரு. என்னைப் பார்க்கலைங்க. ஜன்னலைத்தான் பார்க்கறாரு. இந்த ஜன்னலைத்தான். திரும்பிக்கிட்டாரு.

கொஞ்சம் நகருங்க. நனைஞ்சா நனையட்டும், ஒரு நொடி கண்ணாடியத் திறக்கறேன். இடது கைய விடறேன், இந்தக் கையில இன்னும் உணர்ச்சி இருக்குது. கீழ் மூலை… கீழ் மூலை…

இருக்குதுங்க. நெல்லளவு. சும்மா அளந்து வெச்ச மாதிரி. இது நான் போட்டதில்ல. பட்டறையில இது வேற யாருக்கும் தெரியாது. யாருக்குமே தெரியாதுங்க.

அந்தப் பையக் குடுங்க. டைரி, டைரி. அவுத்துவிடுங்க அந்தக் கயித்தை, என்ற கை ஈரம். அந்தம்மா படிச்ச பக்கத்துக்கு மேல நான் பிரிக்கவே இல்லைங்க, தெகிரியம் வரல. ஆகஸ்ட்டு. ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாள். ஆகஸ்ட் ரெண்டு. கண்ணாடிய மறந்து வெச்சுட்டு வந்துட்டேன், நீங்கதான் படிங்க. சத்தமாப் படிங்க, மழச் சத்தத்துல கேட்கல.

“ஆகஸ்ட் இரண்டு. சாப்பாட்டு நேரத்தில் மூன்றாவது ஜன்னலைப் பிரித்து மறுபடி அடைத்தேன். கீழ் மூலையில் ஒரு நெல் அளவு இடைவெளி விட வேண்டும். உஸ்தாத் இதைச் செய்யும்போது முதுகைத் திருப்பிக்கொள்வார். எதிர்ப் பக்க ஜன்னல் கண்ணாடியில் தெரியும். மூன்று மாதம் பார்த்தேன். பக்கெட்டில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஒழுகவில்லை. நல்ல மழையில் ஒருமுறை பார்க்க வேண்டும். கற்றது: ஜன்னல் அடைப்பது. கற்றுத் தந்தவர்: உஸ்தாத் தெய்வசிகாமணி.”

கீழ என்ன இருக்குது? என்ற கையெழுத்தா? ரெண்டு கோட்டோடவா?

இன்னொருக்கா படிங்க. கடைசி வரிய மட்டும்.

பார்த்தீங்களா? அவரே எழுதியிருக்கறாரு. கற்றுத் தந்தவர் உஸ்தாத்னு. அப்பன்னா நான் சொல்லிக்குடுத்திருக்கறேன், இல்லைங்களா? எப்படிச் சொல்லிக்குடுத்தா என்ன, திரும்பி நின்னு சொல்லிக்குடுத்தேன். நான் அடைச்சது ஒழுகுச்சுன்னு ஒரு எழுத்து எழுதலையே அந்த மனுசன். நடந்ததத்தான் எழுதணும்னு சொல்ற ஆளு, அதை மட்டும் எழுதாம விட்டுட்டாரே. இந்த மழைக்காகத்தான் ஏறியிருக்கறாரு இந்த வண்டியில. காலியா நின்ன வண்டிய விட்டுட்டு.

ஒண்ணுமில்லைங்க. சாரல் அடிச்சுது மூஞ்சியில.

உங்ககிட்டப் பேனா இருக்குதுங்களா? கடைசிப் பக்கத்தை எடுங்க. எட்டு வேலையில ஆறாவது, ஜன்னல் அடைப்பு, அதுதான. இதுல போட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியுமுங்க. தனியாகச் செய்வார்னா, நான் இல்லாமச் செய்வார்னு அர்த்தம். நாளைக்கு மொதலாளிக்கும் அது தெரியும். கட்டைவிரலும் தெரியவரும். தெரியட்டும். அந்தக் கட்டம் எங்கன்னு விரலை வெச்சுக் காட்டுங்க. வண்டி குலுங்குது. கோணையாப் போகுது, போகட்டும். தெய்வ… சிகா… மணி. கோடு வேண்டாம். படிச்சுட்டுப் போட்ட மொதக் கையெழுத்துங்க இது. அதுவும் நீங்க படிச்சது.

இன்னும் ஏழு இருக்குது. பல்லடம், சூலூர், அப்புறம் கோயமுத்தூர். ஒரு மணி நேரம் இருக்குதில்லைங்களா? கேட்டுப் பார்க்கறேன், வேற எதையெல்லாம் கண்ணாடியில பார்த்தாருன்னு. உங்க பேனாவக் கொஞ்சம் வெச்சுக்கறேன், எறங்கறப்பக் குடுத்தர்றேன்.

நீங்க ஜன்னலோரமே இருங்க. ஒழுகாது. நான் முன்னாடி போறேனுங்க. அவரு பக்கத்துல எடம் காலியாத்தான் இருக்குது. கரூர்ல இருந்தே காலியாத்தான் இருக்குது.